மேலாளரின் கம்பளிக் கோட்டு

உங்கள் உடையில் வீசும் வாசனையை வைத்து உங்களைத் திருடர் என்று ஒருவர் சொன்னால், வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவீர்களா? மூக்கியின் தங்கை போனாள். மூக்கி விடவில்லை.

ஒரு பெரிய கடையின் சென்ட் பிரிவில் ஒன்பது வருடமாக நிற்கிறாள் மூக்கி. நிற்கிறாள் என்றால் நிற்கிறாள்தான். உட்கார நாற்காலி கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தே சரக்கைச் சொல்லிவிடுவாள் என்பதால், கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் அது.

இந்த வருடம் அவளை வதைத்தது, பிரபல பாடகி ஒருத்தியின் பெயரில் வந்த இளஞ்சிவப்புப் புட்டி. அடித்ததும் பத்து நிமிடம் கருகும் சர்க்கரை. பிறகு கெட்டி வனிலா, ஐஸ்கிரீம் பெட்டிக்குள் தலையை விட்ட மாதிரி. தோலில் மூன்று மணி நேரம் நின்றால் அதிகம். விளம்பரமோ பன்னிரண்டு என்கிறது. "அந்தப் பாடகி ஒருநாளாவது பூசிப் பார்த்திருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டா" என்பாள் மூக்கி. ஆனால் கம்பளியில் பட்டால் கதையே வேறு. ஒரு வாரம் ஆனாலும் விடாது.

மணிக்கு ஒருமுறை அதைக் காற்றில் இருபது தடவை அடிக்க வேண்டும் என்பது மேலாளர் உத்தரவு. அந்தத் தூறலுக்குக் கீழேதான், அதே கடையில் துப்புரவு வேலை பார்த்த தங்கை, ஏசி குளிருக்குக் கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கண்ணாடி துடைத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான்கு புட்டிகளைக் காணவில்லை. மேலாளர் துப்புரவுப் பெண்களை மட்டும் வரிசையில் நிறுத்தி, வாசல் காவலரை விட்டு உடுப்புகளை முகரச் சொன்னார். தங்கையின் ஸ்வெட்டர் மணத்தது.

"வாசனை பொய் சொல்லாதும்மா. நாளையிலேருந்து வராதே" என்றார் மேலாளர்.

பையைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. அவள் படத்தை ‘திருட்டுக்காக நீக்கப்பட்டவர்’ என்று அச்சடித்து, தெருவிலுள்ள ஏழு கடைகளுக்கும் அனுப்பினார். ஏழும் ஊழியர் வாசலில் ஒட்டின. அதன்பிறகு அவளுக்கு வேலை கொடுக்க யாரும் இல்லை.

"விடுக்கா, போனது போகட்டும்."

"வேலை மட்டும் போயிருந்தா விட்டிருப்பேன்டி. உன் பேரையில்ல பிடுங்கிட்டான்! அந்தக் காகிதத்தை அவன் கையாலயே கிழிக்க வைக்கலேன்னா நான் உனக்கு அக்கா இல்லே."

மேலாளரின் கம்பளிக் கோட்டு, மூக்கி நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு கொக்கியில் நாள் முழுக்கத் தொங்கும். மறுநாளிலிருந்து மூக்கி ஒரு தடவைகூட அதிகமாக அடிக்கவில்லை. உத்தரவுப்படி இருபது. கொக்கியைப் பார்த்துத் திரும்பி நின்று அடித்தாள், அவ்வளவுதான். மேலாளருக்கு ஒன்றும் தெரியவில்லை. எட்டு மாதமாக அதே காற்றைக் குடித்த அவர் மூக்கில் வனிலா செத்துப்போயிருந்தது.

மாதக் கடைசியில் முதலாளியம்மா வந்தார். மூக்கி நேரே போய் நின்றாள்.

"அம்மா, என் தங்கச்சிக்கு வெச்ச பரீட்சையை எல்லாருக்கும் வெச்சுடலாமே?"

"தாராளமா! என்கிட்டேருந்தே ஆரம்பிங்க" என்று சிரித்தபடி கோட்டை நீட்டினார் மேலாளர்.

காவலர் முகர்ந்தார், தும்மினார். முதலாளியம்மா வாங்கி முகர்ந்தார். "என்னய்யா இது, கேக் கடையையே மாட்டிக்கிட்டுத் திரியறீங்களா?"

மேலாளர் கோட்டை முகத்தில் வைத்து அழுத்தினார். "ஒண்ணும் வரலியேம்மா..."

"வாசனை பொய் சொல்லாது சார்" என்றாள் மூக்கி.

"அப்போ இவர்தான் எடுத்தார்ங்கிறியா?"

"யார் எடுத்தாங்களோ, எனக்குத் தெரியாதும்மா. இது நான் அடிச்ச சென்ட்டுதான். கம்பளி சாட்சி சொல்லும்னா ரெண்டு பேரும் திருடங்க. சொல்லாதுன்னா ரெண்டு பேரும் இல்லே. ஸ்வெட்டருக்கு ஒரு நியாயம், கோட்டுக்கு ஒரு நியாயமா? இவர் படத்தையும் அச்சடிங்க. இல்லேன்னா அவ படத்தை இவரே போய்க் கிழிக்கட்டும்."

முதலாளியம்மா மேலாளரைப் பார்த்தார். "போங்க" என்றார்.

அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும் என்றாள் மூக்கி. உச்சி வெயிலில் வியர்வையும் வனிலாவுமாக அவர் முன்னால் நடக்க, இவள் பின்னால் நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் அவர் "நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று சொல்ல வேண்டும். குரல் தணிந்தால், "காதுல விழல சார்!"

ஆறு காகிதம் கிழிந்தது. ஏழாவது கடைக்காரர் மட்டும், "எதுக்கும் இருக்கட்டுமே" என்று தடுத்துவிட்டார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. மூக்கி வாரம் தவறாமல் போய்ச் சண்டை போடுகிறாள்.

நீங்கள் வேலை செய்யும் இடத்தின் பின்வாசலிலும் இப்படி ஒரு முகம் ஒட்டியிருக்கலாம். எந்தச் சாட்சியை வைத்து ஒட்டினீர்கள் என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால், யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். கிழித்து எறியுங்கள்.