முக்கால் அங்குல ரப்பர்

1976 ஜூலை 12, திங்கட்கிழமை. இடம்: தூத்துக்குடி, பழைய துறைமுகத்துக்கு வடக்கே, சுடலைமுத்துவின் கார் பட்டறை. பகல் 12.20: பொட்டலம் ஒன்று பெறப்பட்டது. கொண்டுவந்தவர் ஆண், சுமார் நாற்பது வயது, பெயர் தெரியவில்லை. உள்ளே இருந்தவை: பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குரிய ரப்பர் கப் மூன்று, விட்டம் முக்கால் அங்குலம். சுற்றியிருந்தது வெள்ளைப் பருத்தித் துணி, ஈரம். தென்மேற்குக் காற்று பலம். கொழும்புத் தோணிகள் அனைத்தும் மே மாத இறுதியிலேயே நிறுத்திக் கட்டப்பட்டவை. எதுவும் கடலில் இல்லை. மாலை 5.00: துணியைப் பிழிந்த நீரில் வெள்ளி நைட்ரேட் கரைசல் சேர்க்கப்பட்டது. தயிர்போல வெண்படிவு. உப்புநீர்.

மேற்கண்டது அன்றைய தினமே என் குறிப்பேட்டில் எழுதியது. ஒரு சொல்லும் மாற்றவில்லை. இனி எழுதப்போவதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். முப்பத்தைந்து ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் நான். ஆவி, பேய் என்று யாரேனும் பேச்செடுத்தால், அதன் எடை எவ்வளவு, கொதிநிலை என்ன என்று கேட்டு வாயடைத்துவிடுவேன். என் மனைவி எஸ்தர் அதற்காக என்னைக் கடிந்துகொள்வாள். இன்று வேறொருவர் இதை என்னிடம் சொன்னால் அதே கேள்விகளைத்தான் நானும் கேட்பேன்.

நாங்கள் இருவரும் கொழும்பில் ஆசிரியர்களாக இருந்தோம். அங்கே 1962இல் வாங்கியது அந்த ஜப்பான் கார், வெளிர்நீல ப்ளூபேர்ட். ஊர் திரும்பியபோது கப்பலில் எங்களோடு வந்தது. ஓட்டியவள் எஸ்தர்தான். நான் இடதுபக்கம் அமர்ந்து செய்தித்தாள் படிப்பவன். கொழும்பில் ஜப்பான் கார்கள் தெருவுக்குத் தெரு நின்றன; தூத்துக்குடியில் எங்களுடையது ஒன்றுதான். உதிரிபாகம் எதுவானாலும் தோணியில்தான் வர வேண்டும். பழுதான பாகத்தைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, அளவெழுதி, தோணியை நடத்திச் செல்லும் தண்டலிடம் கொடுத்துவிட்டால், இரண்டு மூன்று வாரத்தில் கொழும்புக் கடையிலிருந்து பொருள் வந்துசேரும்.

அப்படி வருகிற பொட்டலத்துக்கு இக்கரையில் ஒரு முறை உண்டு. கொண்டுவந்தவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, "அங்கன எல்லாரும் சுகமா?" என்று முதலில் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் அனுப்பியவர் சொல்லிவிட்ட வாய்ச்செய்தியை அவர் சொல்வார். சுகம் கேட்காத வீட்டில் சொல்லமாட்டார். வந்த செய்தி துக்கமாகவும் இருக்கலாம், கேளாதவர் காதில் அதைப் போடக்கூடாது என்ற மரியாதை அது. எங்கள் வீட்டில் சுகம் கேட்டவள் எஸ்தர். நான் அதற்குள் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருப்பேன்.

1975 ஜூலை முதல் வாரத்தில் பிரேக் ஆயில் குறைந்திருந்தது. அதற்கென்று தனி ஆயில் உண்டு. ஊரில் அப்போது கிடைக்கவில்லை. மதுரையிலிருந்து வரவழைக்கும்வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்றாள் எஸ்தர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகக் கார் வேண்டுமே என்று, அவளிடம் சொல்லாமல், கொட்டகையில் இருந்த என்ஜின் ஆயிலைக் கால் டம்ளர் ஊற்றிவிட்டேன். கனிம எண்ணெய் பட்டால் பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் ஊதும் என்பது என் மாணவர்களுக்குக்கூடத் தெரியும். சில நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

பதினைந்தாம் தேதி காலை எஸ்தருக்கு நெஞ்சுவலி. காரில் உட்காரவைத்தேன். ஓட்டத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் சாவியைத் திருகினார். என்ஜின் ஓடியது, வண்டி நகரவில்லை. ஊதிய ரப்பர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நான்கு சக்கரங்களையும் இறுக்கியிருந்தது. நான்கு பேர் தள்ளியும் அசையவில்லை. வாடகைக் கார் வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அந்த நேரத்தில் எஸ்தர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்து, "என்ன ஆயில் ஊத்துனீய?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. மருத்துவமனை வாசலுக்கு முன்பே அவள் பேச்சு முடிந்துவிட்டது. சீக்கிரம் வந்திருந்தாலும் பயனில்லை என்றார் மருத்துவர். கருணையுள்ளவர்.

அவளை நாசரேத்தில், அவள் பெற்றோர் அருகே அடக்கம் செய்தோம். ஆண்டு நிறைவு ஆராதனைக்கு அதே காரை நானே ஓட்டிச் சென்று அவள் முன்னால் நிறுத்துவது என்று முடிவு செய்தேன். அந்தக் கேள்விக்கு வேறெந்த வழியில் பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அறுபத்திரண்டு வயதில் ஓட்டக் கற்றேன். காரைப் பழுதுபார்க்க சுடலைமுத்துவிடம் விட்டேன். ஓட்டப்பிடாரத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். உப்புக்காற்றில் அரித்த தரைத்தகட்டுக்கு வேறு தகடு வைத்தார். ரேடியேட்டருக்கு உப்பளத்துப் பம்பின் ரப்பர் குழாயை வெட்டி மாட்டினார். காயலான் கடையில் கிடைத்த ஜீப் உறுப்பொன்றை அரத்தால் ராவி டிஸ்ட்ரிபியூட்டரில் பொருத்தினார். பிரேக் குழாய்களைக் கழற்றி எண்ணெய்ப்பசை போகக் கழுவினார். எல்லாம் கூடிவந்தது. மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் மட்டும் கிடைக்கவில்லை.

பழைய கப்பை நானே காம்பஸ் வைத்து வரைந்தேன். அந்தப் படத்தோடு திருநெல்வேலி, மதுரை எல்லாம் அலைந்தோம். அந்த அளவில் எந்தக் கடையிலும் இல்லை. மார்ச் மாதம், எங்கள் பழைய வழக்கப்படி மிக்கேல் தண்டலிடம் படத்தைக் கொடுத்தேன். ஏப்ரலில் கேட்டேன், சொல்லியிருப்பதாகச் சொன்னார். மே மாதம் கேட்டேன், வரும் என்றார். காற்று திரும்பியது, தோணிகளை நிறுத்திவிட்டார்கள். இனி செப்டம்பரில்தான்.

ஜூலை பன்னிரண்டாம் தேதி பட்டறைக்குப் போனது, இனி முயற்சி வேண்டாம் என்று சொல்லத்தான். சுடலைமுத்து சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சார், செத்த இங்கன இருங்க. பூட்டிட்டுப் போனா ஸ்பானர் இருக்கும், பூட்டு இருக்காது. அப்படி ஊரு இது" என்றார்.

நான் காரில் ஏறி அமர்ந்தேன். பழக்கத்தில் இடதுபக்கம். வெயில் செங்குத்தாக இறங்கிக்கொண்டிருந்தது. காற்று தகரக் கூரையை அடித்தபடி இருந்தது. வலப்பக்கத்து வெற்று இருக்கையைப் பார்க்காமலிருக்க, கண்ணாடியில் படிந்த மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்கவில்லை. கைக்கடிகாரத்தில் 12.20 என்று பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது.

வாசலில் ஒருவன் நின்றான். சாரம் கட்டிய, மெலிந்த, கறுத்த மனிதன், தலைமுதல் நனைந்திருந்தான். அந்தக் காற்றிலும் சாரம் அசையவில்லை. ஈரத்தின் கனம் என்று எண்ணிக்கொண்டேன். நான் இறங்கிப் போனேன்.

"கொளும்புலேந்து" என்று பொட்டலத்தை நீட்டினான். "அம்மா குடுத்துவிட்டாவ. சார் வரஞ்ச அளவு பெருசாம். இதத்தான் போடணுமாம்."

அம்மா என்றது கொழும்புக் கடைக்காரரின் மனைவியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். வேறு என்ன நினைப்பது? என் கை அதற்குள் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியிருந்தது. மூன்று கப்களையும் உள்ளங்கையில் வைத்துப் புரட்டினேன். ரப்பரின் விளிம்பு சரியாக இருந்தது, அச்சு ஜப்பான் அச்சு. இந்த வியாழக்கிழமை நாசரேத்துக்குப் போகலாம், போகலாம் என்பது மட்டுமே மனதில் ஓடியது. அவன் போகவில்லை. அரை நிமிடம், அதற்கு மேலும் இருக்கலாம், என் முகத்தைப் பார்த்தபடி நின்றான். கூலிக்காக நிற்கிறான் என்று சட்டைப்பையைத் துழாவி நிமிர்ந்தபோது வாசலில் யாரும் இல்லை. சாலை இருபுறமும் வெறிச்சோடிக் கிடந்தது.

சுடலைமுத்து வந்து கப்பை வாங்கிப் பார்த்தார். சிலிண்டரில் செருகினார். விரலுக்கு மோதிரம்போல இறங்கியது. பிறகு என் பழைய கப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு பெரிது.

"சார், கோவிச்சுக்கிடாதீய. ஊதிப்போன ரப்பர வச்சுல்லா நீங்க படம் வரஞ்சிருக்கீய! நானும் அதப் பாத்துக்கிட்டே மதுர வர சுத்திருக்கேன். ரெண்டு பேருக்கும் மண்டைல என்ன இருக்கு?" என்று சிரித்தவர், சட்டென்று நிறுத்தினார். "அது சரி, எந்தத் தோணில வந்துச்சு?"

இருவரும் கடற்கரைக்குப் போனோம். மிக்கேல் தண்டல் கவிழ்த்த பெட்டியொன்றில் அமர்ந்து, தோணியின் பலகை இடுக்குகளில் பஞ்சு திணிப்பவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். நான் நன்றி சொன்னேன். அவர் முகம் கறுத்தது.

"சார், என்னைய மன்னிக்கணும். அந்தக் கட பூட்டிக் கெடக்கு. ஒங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல மனசு வரல" என்று தம் தகரப் பெட்டியைத் திறந்தார். என் வரைபடம் மடிப்புக் கலையாமல் உள்ளே இருந்தது. கடலைத் தாண்டவே இல்லை.

"ஏ மிக்கேலு, ஒரு காயிதத்தக் கர சேக்கத் துப்பில்ல, நீயெல்லாம் ஒரு தண்டலு!" என்றார் சுடலைமுத்து.

"நீ சும்மா கெட அண்ணாச்சி. ஒரு வருசமா ஒரு வாசர் கண்டுபிடிக்கத் தெரியல, வந்துட்டாரு."

பிறகு மிக்கேல் என்னிடம் அந்த ஆளின் அடையாளம் கேட்டார். சொன்னேன். அப்படி ஒருவனைத் தெரியாது என்றார். இந்தக் காற்றில் கொழும்பிலிருந்து யாராலும் வர முடியாது என்றார். துணியை வாங்கி முகர்ந்து பார்த்துத் திருப்பித் தந்தார். கடைசியாக, குரலைத் தாழ்த்தி, "அவன் என்ன சொன்னான் சார்?" என்றார்.

"அளவு பெரிது, இதைப் போடு என்று சொன்னான்."

"அது சாமானோட சேதி. வாய்ச்சேதி என்ன சொன்னான்?"

நான் கையிலிருந்த துணியைப் பார்த்தேன்.

"சுகம் கேட்டீயளா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"நீங்க கேக்காம அவன் எப்படி சார் சொல்லுவான்?" என்றார் மிக்கேல். அதட்டலாகச் சொல்லவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு பஞ்சு திணிப்பவர்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

பதினைந்தாம் தேதி காலை நானே ஓட்டினேன். துணைக்கு சுடலைமுத்து இடதுபக்கம் அமர்ந்தார். ஆத்தூர் கொடிக்கால்களைத் தாண்டும்போது வெற்றிலைக்கட்டுகளோடு ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது, பிரேக்கை மிதித்தேன், கார் அலுங்காமல் நின்று, காலை எடுத்ததும் உடனே விடுபட்டது. நாசரேத்தில் கல்லறைத் தோட்டத்து வாசலில் நிறுத்தினேன். ஆராதனைக்கு முன்பு அவள் கல்லருகே நின்று, "என்ஜின் ஆயில், எஸ்தர்" என்று சொன்னேன். சுடலைமுத்து வேறெங்கோ பார்த்தபடி நடந்துபோய்விட்டார்.

பதிலை நான் சொல்லியாயிற்று. அவள் அந்தக் கேள்வியைக் கோபத்தில் கேட்டாளா, எப்போதும்போல வண்டியைப் பற்றிய விசாரணையாகக் கேட்டாளா என்பது எனக்குத் தெரியாது. வாசலில் அரை நிமிடம் நின்றவனுக்குத் தெரிந்திருக்கலாம்.

காற்றுக்காலத்திலும் எவனோ கள்ளத்தனமாகக் கடலைக் கடந்திருக்கலாம், வேறு யாருக்கோ போக வேண்டிய பொட்டலம் என் கைக்கு வந்திருக்கலாம் என்று நானே எனக்கு எதிராக வாதாடிப் பார்த்துவிட்டேன். எஸ்தரின் கை அதில் இருந்தது என்று நான் சொல்லவில்லை. துணியில் அடையாளம் எதுவுமில்லை. எந்தக் கடையிலும் கிடைக்கும் பருத்தித் துணி. ஆனால் ஒன்று இருக்கிறது. அந்தத் துணியை இந்த மூன்று ஆண்டுகளில் ஏழு முறை காய்ச்சி வடித்த நீரில் அலசி, உலர்த்தி, கண்ணாடிக் குப்பியில் மூடி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அலசிய நீரைச் சோதிக்கிறேன். வடித்த நீரை மட்டும் தனியே சோதித்தால் தெளிவாக இருக்கிறது. துணியை அலசிய நீரில் வெண்படிவு முதல் நாள் இருந்த அளவே இருக்கிறது, குறையவில்லை. போன வாரம் குப்பியைத் திறந்தபோது துணி ஈரமாக இருந்தது.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், செய்யாமல் நிற்பவை:

1. கொட்டகையில் உள்ள என்ஜின் ஆயில் டின்னை அப்புறப்படுத்துதல்.
2. மிக்கேலின் பெட்டியிலிருந்து என் வரைபடத்தைத் திரும்ப வாங்குதல்.
3. சிலிண்டருக்கு இரண்டு போதுமென்பதால் மிஞ்சிய மூன்றாவது கப்பை என்ன செய்வது என்று முடிவு செய்தல்.
4. துணியை எட்டாம் முறை அலசுதல்.
5. சுகம் கேட்டல்.