பூச்சி அரிக்காத கீரை

எர்ணாவூர்ல எங்க வூட்டுக்குப் பின்னால பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகை ஒண்ணு இருந்துச்சு. அதை மூடி ரொம்ப வருஷம் ஆயிடுச்சு. எடம் சும்மாதானே கீதுன்னு நான் முளைக்கீரை வெதைச்சேன். "உனுக்கு நல்ல கைராசிக்கா"ன்னாளுங்க பக்கத்து வூட்டுக்காரிங்க. எனக்குத் தலை கால் புரியல.

கீரை தளதளன்னு வந்துச்சு. ஒரு இலையில ஓட்டை இல்ல. பூச்சி இல்ல, நத்தை இல்ல, எறும்புகூட ஏறாது. கொத்துனா ஒரு மண்புழு தலை காட்டாது. செவுத்துல ஒட்டுன போஸ்டரையே வுடாத ஆடு, கிட்ட வந்து மோந்துட்டு அப்படியே திரும்பிப் போவும். குனிஞ்சு கொத்திகினு இருக்கசொல்ல அந்த எடமே கப்சிப்னு இருக்கும். முதுகு சில்லுனு ஆவும், யாரோ நிக்கறாப்ல. திரும்பிப் பாத்தா கீரைதான். அப்பகூட, மருந்தடிக்காத கீரைன்னு எல்லார்கிட்டயும் பீத்திகினேன். மடச்சி நான்.

என் பொண்ணு அப்ப முழுகாம எங்ககூடதான் இருந்தா. ரத்தம் கம்மி, தினம் கீரை குடுங்கன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. கொழுந்தா கிள்ளி, மஞ்சத்தூள் தண்ணில மூணு வாட்டி அலசி, கடைஞ்சு, நானே ஊட்டினேன்.

காலேஜ்ல மண்ணு சோதிக்கிற பொண்ணு ஒண்ணு வந்து, மண்ணையும் கீரையையும் கவர்ல போட்டு எடுத்துகினு போச்சு. அப்புறம் ஒரு நாள் ஃபோன் பண்ணுச்சு. "ஆன்ட்டி, உங்க கீரையில ஈயம் நிறைய..." அவ்ளோதான், என் ஃபோன் சார்ஜ் போயிடுச்சு. எனக்கு ஒரே குஷி. நான் வேலை செய்யுற வூட்டுல ஈயச் சொம்புலதான் ரசம் வெப்பாங்க. தெருவே மணக்கும். அப்ப சத்துதான்னு, அன்னிலேர்ந்து ஒரு கரண்டி சேர்த்தே வெச்சேன்.

அடுத்த வாரம் அந்தப் பொண்ணு நேராவே வந்துச்சு. "நிறுத்திட்டீங்கல்ல?"ன்னு கேட்டுச்சு.

"இன்னாத்துக்கு? ஈயம் நல்லதுதானேம்மா? சொம்பு..."

அது மூஞ்சி வெளுத்துடுச்சு. "ஐயோ, சொம்பு வெள்ளீயம். இது காரீயம், பேட்டரில இருக்கறது. மண்ணுலேர்ந்து வேர் வழியா இலைக்குள்ளயே ஏறிடும். கழுவினா போவாது. மாசமா இருக்கறவங்க சாப்ட்டா வயித்துப் புள்ளைக்கும் போயிடும். அப்படி யாராவது சாப்ட்டாங்களா?"

"இல்லம்மா"ன்னுட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வெக்கம், பயம். பாழாப்போன வாயி.

உள்ள தட்டு வெக்கற சத்தம் கேட்டுச்சு. என் பொண்ணு செவுத்தைப் புடிச்சிகினு வந்து நின்னா. வாயோரம் பச்சையா ஒட்டிகினு இருந்துச்சு.

"நான் சாப்ட்டேங்க்கா. ரெண்டு மாசமா, தினம். இப்பகூட." அவ என்னைப் பாக்கல. "இத்தோட நிறுத்தினா போதுமாக்கா?"

அந்தப் பொண்ணு "வாங்க, ஆஸ்பத்திரி போலாம், ரத்தம் பாக்கணும்"னு மட்டும் சொல்லுச்சு. படி எறங்க நான் கை நீட்டினேன். என் பொண்ணு அதைத் தள்ளிட்டு, அந்த யாரோ பொண்ணு கையைப் புடிச்சிகினு எறங்கினா.