மருளும் கலர் சேம்பும்

வீட்டுக்குள் வெயில் எட்டாத மூலையில் என்ன செடி வைக்கலாம் என்று இப்போது யாராவது கேட்டால், எனக்குத் தெரிந்தது இரண்டுதான்: மருள், கலர் சேம்பு. இரண்டையும் ஒரே ஜன்னலடியில் பல வருஷம் பார்த்திருக்கிறேன். ஆனால் நடுவுநிலையாகப் பேச என்னால் ஆகாது. ஒன்றை எனக்குப் பிடிக்கும், இன்னொன்றைக் கண்டாலே எரிச்சல். எது எது என்பது மட்டும் நடுவில் மாறிப்போயிற்று.

நான் குமாரபாளையத்தில் பிறந்து ராசிபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு பக்கமும் தறிக்குடும்பம். யுத்தம் வந்து நூலுக்கு ரேஷன் போடுவதற்கு முந்தைய காலம் அது. ராசிபுரத்து வீட்டில் வாசலைத் தாண்டினால் குழித்தறிக் கூடம். வெயிலும் காற்றும் பட்டால் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் காய்ந்து இழை அறும் என்று ஜன்னல்களைச் சிறிதாக வைத்திருந்தார்கள். பகலிலும் மாலை மாதிரி இருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு மூச்சு முட்டியது. இந்த வீட்டில் மனுஷர் தவிர வேறொன்றும் முளைக்காது என்று நினைத்தேன்.

கூடத்தின் கடைசியில் வடக்கு ஜன்னலடியில் என் வீட்டுக்காரரின் அக்கா ராட்டையோடு உட்கார்ந்திருப்பார். அண்ணி என்று கூப்பிடுவேன். இருபது வயது நிறையும் முன் புருஷனைப் பறிகொடுத்து, வெள்ளைச் சேலையோடு பிறந்த வீட்டுக்கு வந்தவர். நாள் முழுக்க, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்கு நூல் தார் சுற்றுவார். கொல்லையில் மல்லிகைப் பந்தல் இருந்தது. அந்தப் பக்கம் அவர் போகமாட்டார். பூவைத் தொடக்கூடாது, தொடுத்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு வரக்கூடாது, கொடிக்குத் தண்ணீர்கூட ஊற்றக்கூடாது. யாரும் அதைத் தினமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

அதனால் அவர் இலை வளர்த்தார்.

முதலில் வந்தது மருள். பாறைக் கரட்டோர வேலியில் தானாக வளர்வது, கயிறு திரிக்க நார் எடுப்பார்களே, அதுதான். விறகுக்குப் போனவர்களிடம் சொல்லி ஒரு கிழங்கை வாங்கி, உடைந்த சாயப் பானையில் நட்டார். மாமியார் வந்து பார்த்தார்.

“பூக்கற செடின்னா ஊட்டுக்குள்ள வேண்டாஞ் சாமி. நாலு பேரு நாலு பேசுவாங்க. வெறும் தழைன்னா வெச்சுக்க.”

“வெறும் தழைதானுங்க அம்மா,” என்றார் அண்ணி.

அதுதான் ஏற்பாடு. பூக்காத வரைக்கும் செடி இருக்கலாம்.

கலர் சேம்பை என் வீட்டுக்காரர் கொண்டுவந்தார். சேலத்தில் ஒரு பங்களாவுக்கு வேட்டி கொடுக்கப் போனபோது தோட்டக்காரர் தந்த கிழங்கு. பார்த்தால் சாதாரணச் சேப்பங்கிழங்குதான். நான் புளிக்குழம்புக்கு என்று எடுத்துவைத்துவிட்டேன். அண்ணி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். சித்திரை மழை ஒன்று பெய்ததும் இலை விட்டது. ஆகா, என்ன இலை! நடுவே இரத்தச் சிவப்பு, ஓரத்தில் பச்சை, மேலே வெள்ளைத் தெளிப்பு. அந்த இருட்டுக் கூடத்தில் விளக்கு ஏற்றிவைத்தது போல இருந்தது. மாமியார் அதன் சிவப்பைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இலைதானே, ஒன்றும் சொல்ல முடியவில்லை.

நான் உடனே சேம்பின் கட்சி. அது பேசும் செடி. ஒரு வேளை தண்ணீர் தவறினால் மதியமே தலையைத் தொங்கப்போடும். ஊற்றினால் பொழுது சாய்வதற்குள் நிமிரும். கோபமும் சமாதானமும் கண்ணுக்குத் தெரியும். மருள் அப்படியா? ஊற்றினாலும் ஒன்றுதான், மறந்தாலும் ஒன்றுதான். கூப்பிட்டால் பதில் சொல்லாத மனுஷரைப் போல விறைத்து நிற்கும். கூட்டும்போது நுனி குத்தி என் புறங்கையைப் பல தடவை கிழித்திருக்கிறது. “உங்களுக்கு வேற செடியே கெடைக்கலீங்களா அண்ணி?” என்று கேட்பேன். சிரிப்பார்.

ஆனால் பாடு என்று பார்த்தால் சேம்புக்குத்தான் அதிகம். தறிக்கூடத்தில் பஞ்சுத்தூசி பறந்துகொண்டே இருக்கும். மருளின் இலையில் படிந்தால் ஈரத்துணியால் ஒரு இழுப்பு, போதும். சேம்பின் இலை ஈரத் தாள் மாதிரி, துடைத்தால் கிழியும்; ஊதி ஊதித்தான் எடுக்க வேண்டும். மார்கழி வந்தால் மொத்தமும் மஞ்சளாகிச் செத்துப்போகும். சாவு இல்லை, தூக்கம். மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு கிடக்கும். அந்த மாதங்களில் தண்ணீர் ஊற்றினால்தான் அழுகும். வெறும் மண்சட்டியைக் காட்டி, “இதுல செடி இருக்குதுங்க” என்று அண்ணி போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

மருளுக்கு வந்த ஒரே ஆபத்து மாமியாரால்தான். பாவுக்குப் போட்டு மீந்த கஞ்சியைத் தறிவீட்டில் கீழே கொட்டமாட்டார்கள், பாவம் என்பார்கள். மாடு குடிக்காத அன்றைக்கு அதை மருள் பானையில் ஊற்றிவிட்டார். எறும்பு மொய்த்தது, அடி அழுகியது. அண்ணி நல்ல இலை ஒன்றை அறுத்து, துண்டு போட்டு, மணலில் குத்திவைத்தார். மாதக்கணக்கில் சும்மா நின்றது. பிறகு பக்கத்தில் குருத்து கிளம்பியது. வருஷம் போகப்போகப் பானை கொள்ளாமல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

ஒரு மழைக்காலத்தில் அண்ணி சேம்பின் அடியில் எதையோ கிள்ளி மண்ணுக்குள் புதைப்பதைப் பார்த்தேன்.

“என்னதுங்க அண்ணி?”

“மொட்டு. இதுவும் பூக்கும்போல இருக்குது. அம்மா பாத்தா வெளிய தூக்கிப் போட்டுருவாங்க. நீ சொல்லிராத கண்ணு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் அவர் சேம்பைக் காவல் காத்தார். மருளை அவர் சந்தேகப்படவே இல்லை. அத்தனை வருஷத்தில் அது இலையைத் தவிர வேறொன்றும் விட்டதில்லை.

ஒரு பங்குனியில், விளக்கு வைக்கும் நேரம். மாமியார் கையில் விளக்கோடு கூடத்துக்குள் வந்தவர் அப்படியே நின்றார்.

“யாரு பூ வெச்சிருக்கறது?”

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கூடம் முழுக்க மணம். மல்லிகை இல்லை, வேறு ஏதோ, இன்னும் இனிப்பாக. என் தலையைப் பார்த்தார். அன்றைக்கு எண்ணெய் வைத்திருந்தேன், பூ இல்லை. பார்வை என்னைக் கடந்து ராட்டைக்குப் போயிற்று.

“மடியில என்ன சாமி வெச்சிருக்கற?”

அண்ணி எழுந்தார். முந்தானையை உதறினார். பஞ்சு விழுந்தது.

என்னால் வாயை அடக்க முடியவில்லை. “பெட்டியையும் தொறந்து பாத்துருங்க அத்தை. எதுக்குக் கொறை?” என்றேன். குத்தலுக்குத்தான் சொன்னேன். மாமியார் நிஜமாகவே திறந்தார். இரண்டு வெள்ளைச் சேலை. வேறொன்றும் இல்லை. தறிக்குழியில் நெய்துகொண்டிருந்த மாமனார் தறியை நிறுத்திவிட்டார். நாடாச் சத்தம் நின்றதும் வீடே வேறு மாதிரி ஆகிவிட்டது.

நான்தான் கண்டுபிடித்தேன். மருளின் இலைகளுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, ஒரு தண்டு. அதில் அடுக்கடுக்காக வெளிறிய பச்சையும் வெள்ளையுமாகப் பூ. பகலெல்லாம் மூடிக் கிடந்துவிட்டு அப்போதுதான் விரிந்திருந்தது. வேர் நெருங்கினால்தான் மருள் பூக்கும் என்று ரொம்பப் பின்னால் ஒருவர் சொன்னார். அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

அண்ணி பானையருகே வந்தார். “எனக்குத் தெரியாதுங்க அம்மா. நானே வெளிய வெச்சர்றன். ரெண்டையுமே வெச்சர்றன்,” என்று குனிந்து பானையைத் தூக்கினார்.

மாமியார் பானையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“வெய்யி கீழ.”

“இல்லீங்கம்மா, நாலு பேரு...”

“வெய்யின்னு சொல்றனல்ல.” பானை தரைக்கு வந்தது. மாமியாரும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பூவைப் பார்த்தார். பிறகு யாரிடமும் இல்லாமல், “எம் புள்ள மடிய நானே சோதிச்சுட்டனே,” என்றார். தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அதுவரை இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. நானும் அழுதேன்.

அன்றிலிருந்து நான் மருளின் கட்சி. நுனி இப்போதும் குத்துகிறது, குத்தட்டும்.

இதற்காக வழக்கம் எதுவும் மாறிவிடவில்லை. அண்ணி கடைசிவரை தலையில் பூ வைக்கவில்லை. மல்லிகைப் பந்தலுக்கும் போகவில்லை. அந்த ஆடி மழைக்குச் சேம்பு மறுபடி மொட்டு விட்டது. அண்ணியின் விரல் பழக்கத்தில் அதன் கிட்டே போனது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிள்ளவில்லை.

மறுநாள் அது வெள்ளையாக, மடல் விரித்து நின்றது. மாமியார் வந்தார். குனிந்து மோந்து பார்த்தார்.

“மணமே இல்லியே.”

“இதுக்கு மணம் இருக்காதுங்க அம்மா.”

“இல்லாட்டிப் போவுது,” என்றார் மாமியார். “தண்ணி ஊத்துனியா சாமி?”