சந்தியாகு அண்ணன் வறுத்த கோழித்தோலு

முந்தாநேத்து லூனாஸ் டவுன் கோப்பிக்கடையில ஒரு கூத்து. கிறிஸ்மஸ் வருதுல்ல, யாரோ தொரை வீட்டுக்குன்னு கடைச் சமையக்காரரு கோழியைப் பால்ல போட்டு வெள்ளையா சமைச்சுக்கிட்டு இருந்தாரு. வெண்ணெயில மாவு வறுபடுற வாசனை வந்துச்சு பாரு, கையில எடுத்த கோப்பி வாய்க்குப் போகல. அடுப்படியில தலையை விட்டு, "தோலை என்னண்ணே செஞ்சீங்க?"ன்னு கேட்டேன்.

"தோலா? நாய்க்குப் போட்டேன்லா. ஏன், ஒனக்கு வேணுமா?"

கடையே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். அவங்களுக்கு நான் ஏற்கெனவே ஒரு கேலி. சீனி போடாம கோப்பி கோசோங் குடிக்கிற ஒரே தமிழன் நான்தானாம். நீயும் எத்தனை தடவை கேட்டிருக்க, ஏன்டா இந்தக் கசப்பைக் குடிக்கிறன்னு. சொல்றேன், கேளு.

ஜப்பான்காரன் வர்றதுக்கு முந்தி எங்க ரப்பர்த் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை பங்களாவுல சந்தியாகு அண்ணன்தான் குக்கு. லயத்து வரிசையில எனக்குப் பக்கத்து வீடு. நான் மூணாங்கிளாஸோட பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடம்தான் என்னை விட்டுச்சுன்னு எங்கப்பன் சொல்லும். பால்மரம் சீவிட்டு வந்தா, பொழுதன்னைக்கும் அண்ணனை வம்புக்கு இழுக்குறதுதான் எனக்கு வேலை.

தொரைக்குக் கிறிஸ்மஸ்னா அந்த வெள்ளைக் கோழிதான். காம்பு வச்ச தட்டையான இரும்புச் சட்டி ஒண்ணு இருக்கும். அதுல கோழியைச் செவக்க வறுத்து எடுத்து வச்சிட்டு, அதே சட்டியில மாவைப் போட்டுக் கிண்டி, பாலை ஊத்தி, கொழகொழன்னு வந்ததும் கோழியைத் திரும்ப உள்ள போடுறது. இதுவரைக்கும் எவனும் செஞ்சிருவான். அண்ணனோட கைவேலை கடைசியில. உரிச்ச தோலைத் தனியா அப்பளமாட்டம் மொறுமொறுன்னு வறுத்து, உள்ளங்கையில வச்சு நொறுக்கி மேல தூவுவாரு. அதை வேற எவனும் செஞ்சு நான் பாத்ததில்ல. பங்களாவுல மிஞ்சினது பொறவாசல் வழியா கங்காணிக்குப் போகும். கங்காணி தின்னு மிஞ்சினா எனக்கு. அதாவது எலும்பு.

"என்னண்ணே இது, சீக்காளிக்கு வச்ச கஞ்சியில கோழி தவறி விழுந்துருச்சா?"

"போடா, ஒன் நாக்குக்குக் கருவாடுதான் லாயக்கு."

அப்புறம் தொரை ஓடிட்டான். பங்களாவுக்கு ஜப்பான்காரன் வந்துட்டான். சோறு போயி ஊபிங்குற மரவள்ளிக்கெழங்கு வந்துச்சு, துணி போயி சாக்கு வந்துச்சு. அதுக்கும் மேல, சயாம்ல ரயில் ரோடு போட ஆள் புடிக்க ஆரம்பிச்சானுங்க. மொதல்ல லாரி ஏறுனவங்ககிட்ட இருந்து ஒரு சேதியும் இல்ல. பேரு எழுதுன தாளு கங்காணி கையில. அதுல சந்தியாகு அண்ணன் பேரு வந்த அன்னிக்கே அவரு காட்டுக்குள்ள போயிட்டாரு. ஞானம்மா அக்கா, அவரு சம்சாரம், தனியாக் கெடந்துச்சு.

ஒரு நாள் காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்களத்துல வரிசையா நின்னு, கெழக்க பாத்து ஜப்பான் ராஜாவுக்குக் குனிஞ்சு கும்பிட்டு நிமிர்றேன், கங்காணி பக்கத்துல நிக்கிறாரு.

"சந்தியாகு கெடைக்கலைன்னா அவன் எடத்துக்கு நீதான்டா. சாமானைக் கட்டி வை."

"என்கிட்ட ஏது கங்காணி சாமான்? இடுப்புல இருக்குற சாக்குதான். அதைக் கட்டிட்டா அப்புறம் என்னத்தக் கட்டுறது?"

எல்லாரும் சிரிச்சாங்க. நான் இடுப்புச் சாக்கை இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன்.

அந்த வாரமே கிறிஸ்மஸ். கங்காணியைத் தவிர எல்லாரும் கெழங்கு தோண்டப் போயிருந்தாங்க. வயித்துவலின்னு பொய் சொல்லி நான் படுத்திருந்தேன். மத்தியானம் பக்கத்து வீட்டுல வாசனை. எட்டிப் பாத்தா சந்தியாகு அண்ணன் அடுப்பு முன்னால குந்தியிருக்காரு. தாடி, எலும்பு, ரெண்டு கண்ணு, அவ்வளவுதான் மிச்சம். அக்கா ஒளிச்சு வளத்த ஒரே கோழி சட்டியில. வெண்ணெய் இல்ல, தேங்காயெண்ணெய். கோதுமை இல்ல, கெழங்கு மாவு. பாலுக்குத் தேங்காப்பாலு.

"ஒரு நாளாச்சும் வீட்டுல சாப்பிட்டுட்டுப் போயிர்றேன்டா"ன்னாரு. நான் கிண்டல் எதுவும் பண்ணல. வாயெல்லாம் எச்சி.

அக்கா தட்டுகளை எடுத்து வச்சுச்சு. கிறிஸ்மஸ்னா லயத்துல எல்லா வீட்டுக்கும் தட்டு போகும். மொதல் தட்டு கங்காணிக்கு. அதுதான் எங்க வழக்கம்.

"வேணாம் ஞானம்மா"ன்னாரு அண்ணன்.

"வாசம் லயம் பூராப் போயிருச்சு. நல்ல நாள்ல குடுக்காம இருந்தாத்தான் சந்தேகப்படுவாங்க. நான்தான் சமைச்சேன்னு சொல்லிக்கிறேன்."

சொன்னது சரிதான். ஆனா அண்ணன் கை பழக்கத்துல எல்லாத் தட்டு மேலயும் தோலைத் தூவிருச்சு. அக்கா கவனிக்கல. நான் கவனிச்சேன். அழகா இருக்குன்னு நெனச்சேன்.

இன்னொரு தட்டால மூடி நான்தான் எடுத்துக்கிட்டுப் போனேன். வழியில மூடியைத் தூக்கி ஒரு துண்டு தோலைத் திருடித் தின்னேன். திருட்டுப்பய, மொத்தத்தையும் தின்னிருக்கக் கூடாதா?

கங்காணி மூடியைத் தொறந்தாரு. ஒரு துண்டை எடுத்துக் கடிச்சாரு. மொறுக்குன்னு சத்தம். மெல்லுறதை நிறுத்திட்டு என்னைப் பாத்தாரு.

"எவன்டா சமைச்சது?"

அக்கான்னு சொல்லணும். ஒரே ஒரு சொல்லு. நான் சொன்னது என்ன தெரியுமா? "இயேசுநாதரே எறங்கி வந்து சமைச்சாரு கங்காணி. பொறந்தநாளாச்சே."

அவரு சிரிச்சாரு. நிதானமா எல்லாத்தையும் தின்னாரு. தட்டைக் கழுவச் சொல்லி, வெறும் தட்டாத் தரக்கூடாதுன்னு ஒரு பிடி சீனி வச்சுக் குடுத்தாரு. சீனியைக் கண்ணால பாத்து வருசம் ரெண்டாச்சு அப்ப.

நான் திரும்பிப் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்துல கங்காணியோட ஆளுங்க லாரியில வந்துட்டானுங்க. சமைக்கிறவரு கடைசியிலதான் சாப்பிடுவாரு, பங்களாவுல பழகுன பழக்கம். அப்பத்தான் கை கழுவிட்டு உக்காந்திருந்தாரு. "ஒரு வாய்"ன்னு கேட்டாரு. விடல. அக்கா தட்டை எடுத்துக்கிட்டு லாரி வரைக்கும் ஓடுச்சு. ஒருத்தன் தட்டிவிட்டான்.

தாள்ல இருந்து என் பேரை எடுத்துட்டாங்கன்னு மறுநாள் பெரட்டுல தெரிஞ்சுச்சு.

நான் கிண்டலாத்தான் சொன்னேன். பல தடவை எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். எப்பவும் பேசுற வாய், அன்னிக்கும் பேசிருச்சு. ஆனா அந்த மொறுக்கு சத்தம் கேட்டப்ப எனக்கும் வெளங்குச்சு, யாரு சமைச்சதுன்னு கங்காணிக்கு வெளங்கிருச்சுன்னு. அதுக்கப்புறம்தான் நான் வாயைத் தொறந்தேன். அப்ப பேசுனது கிண்டலா, சயாமுக்குப் போற பயமா? எனக்கே தெரியல.

அக்காவுக்கு நான் சொன்னது தெரியாது. ரெண்டு நாள் கழிச்சு அந்த சீனியைப் போட்டு எனக்குக் கடுங்கோப்பி கலந்து குடுத்துச்சு. "நீ ஒருத்தனாச்சும் பக்கத்துல இருக்கியே தம்பி"ன்னுச்சு. முழுசாக் குடிச்சேன். என்ன இனிப்புங்குற.

சண்டை முடிஞ்சு சயாம்ல இருந்து சில பேரு வந்தாங்க. அண்ணன் வரல. அக்கா பினாங்குப் பக்கம் போயிருச்சுன்னாங்க. எந்த ஊருன்னு நான் விசாரிக்கல. அக்கா இருந்த வீட்டுல இப்ப ஒட்டுப்பால் ரப்பர் மூட்டை அடுக்கியிருக்கு. கிறிஸ்மஸ் அன்னிக்கு மூடுன தட்டோட யாரும் லயத்துல நடக்குறதில்ல. அவனவன் கதவைச் சாத்திக்கிட்டுத் தின்னுக்கிறான். கங்காணி கொடுத்த மாதிரி ஒரு பிடி இல்ல, சீனி இப்ப டப்பா டப்பாவா இந்த மேசையிலயே இருக்கு.

அந்த டப்பாவை என் பக்கம் தள்ளாத.