சப்போட்டாவுக்குப் பரிந்து பேசும் குரல்

முனிகிருஷ்ணன் ஒக்கலிபுரத்தில் பல வருடம் மூட்டை தூக்கியவர். முதுகு மக்கர் செய்யத் தொடங்கியதும் ஆனேக்கல் பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போனார். வாசலில் ஒரே ஒரு சப்போட்டா மரம். ஜோடி மரம் இல்லாவிட்டால் அந்த ரகம் சரியாகக் காய்க்காது என்று நர்சரியில் சொன்னார்கள், வைக்க இடமில்லை. வேப்பம்பிண்ணாக்கு போட்டார், எரு போட்டார், ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழே கிளம்பும் துளிரை உடனுக்குடன் கிள்ளினார். மரமோ மாமியார் வீட்டில் உட்கார்ந்து தின்னும் மாப்பிள்ளை மாதிரி கொழுத்ததே தவிர, ஒரு காய் விடவில்லை.

காய்க்காத மரத்தை மிரட்டுவது அவர் ஊர்ப்பக்கத்து வழக்கம். வருடத்துக்கு ஒருமுறை, அமாவாசை விடியலில் ஒருவர் கோடாலியை ஓங்கி வெட்டுவேன் என்பார். இன்னொருவர் மரத்துக்காகக் கெஞ்சுவார். ஓங்குவது முனிகிருஷ்ணன், கெஞ்சுவது மனைவி காந்தா. சிரிப்பை அடக்கிக்கொண்டே கெஞ்சுவாள். மரம் மசியவில்லை. ஒரு மழைக்காலத்தில் காந்தா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

அந்த வருடம் கோடாலியோடு மரத்தடிக்குத் தனியாகவே போனார். பக்கத்து வீட்டு பிரகாஷைக் கெஞ்சச் சொல்ல வெட்கம்.

“காய்க்கலன்னா வெட்டிப் போட்ருவேன்!”

“வேணாங்க, பாவம், விட்டுடுங்க. வர்ற வருசம் காய்ச்சிடும்.”

மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. காந்தாவேதான், அதே அடக்கிய சிரிப்போடு. சுற்றிப் போய்ப் பார்த்தார். ஈர மண்ணில் அவர் கால்தடம் மட்டும்தான் இருந்தது. பயத்தைவிட சந்தோஷம்தான் அதிகம்.

மரம் கிளை ஒடியக் காய்த்தது. தெருவே தின்றது. மறு வருடத்து அமாவாசைக்கு ஆசை ஆசையாகக் கோடாலியை ஓங்கினார். சத்தமே இல்லை. காய்க்கிற மரத்துக்காக யார் கெஞ்சுவார்கள்? உள்ளே போய்க் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அதன்பிறகு மரம் பூத்தபோதெல்லாம் ஏணி போட்டு ஏறி மொட்டு மொட்டாகக் கிள்ளிப் போட்டார். விரலெல்லாம் பால் பிசுபிசுத்தது.

“ஏன் சார், நல்ல பூவு?” என்றான் பிரகாஷ்.

“பூச்சி பிடிச்சிருக்குப்பா” என்று புளுகினார். காந்தாவின் குரலைக் கேட்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

அடுத்த வருடத்து அமாவாசை விடிந்தது. துளிக் காற்று இல்லை. ஆனாலும் மரத்தின் ஒரு பக்கத்து இலைகள் மட்டும் அசைந்தன.

“இந்த வருசம் காய்க்கல. வெட்டட்டுமா?”

காதோரமே குரல் கேட்டது. இந்த முறை சிரிப்பில்லை.

“வெட்டுங்க.”

கோடாலி நழுவி விழுந்தது. அவர் மரத்தைக் கட்டிக்கொண்டார்.

“அது மேல தப்பில்ல காந்தா. பூவையெல்லாம் நான்தான் கிள்ளினேன்.”