நான் கொழுவிய வயர்

அத்தானுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் ஓர்லிகோனில் அக்கா குடியிருக்கும் கட்டிடத்தின் நிலக்கீழ் கராஜில் அவருடைய மூன்று சக்கர மோட்டார் சைக்கிளைக் கழற்றத் தொடங்கினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. என்னால்தான் தன் புருசன் செத்தார் என்று அக்கா போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அது உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அத்தான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தார். காலை ஆறு மணிக்கு அடுப்படியில் நிற்க வேண்டும். இரண்டு சக்கர வண்டி என்றால் பனியில் சறுக்கும் என்று பயந்து, முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாகச் சக்கரம் வைத்த வண்டியைத் தேடி வாங்கினார். கார் லைசென்சோடு ஓடலாம் என்பதில் அவருக்கு ஒரு பெருமை. குளிரில் விரல் விறைக்கிறது என்று சொன்னார். நான் வாகனம் திருத்தும் கராஜ் ஒன்றில் மெக்கானிக். கைபிடிகளைச் சூடாக்கும் சாமான் வாங்கி, இக்னிஷன் வயரிலிருந்து ஒரு கிளை வயர் இழுத்துக் கொழுவிப் பூட்டிக் கொடுத்தேன். இரண்டு கிழமை நல்லாகத்தான் ஓடியது.

பிறகு ஒரு காலையில் ஸ்டார்ட் எடுக்கவில்லை. வேலைக்குப் பிந்திவிடும் என்று நிலவறையில் கிடந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஈரப்பனி. டிராம் தண்டவாளத்துக்குள் சக்கரம் மாட்டி விழுந்தார். பின்னால் லொறி வந்தது. ஊரில் யுத்தம் முடிந்து நாலு வருடம், இனி ஒரு சாவுச் செய்தியும் வராது என்று நாங்கள் நம்பத் தொடங்கியிருந்த நேரம் அது.

செத்தவீட்டில் சனத்துக்கு முன்னால் வைத்தே அக்கா என்னைக் கேட்டாள்.

"நீ வயர் கொழுவினபிறகுதானே அது நிண்டது? அது நிக்காட்டி அவர் ஏன் சைக்கிள் எடுக்கப்போறார்?"

எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. இருபது வருடம் வயரோடு மாரடித்தவன் நான். என் வேலையில் பிழை இராது என்று ஒரு திமிர். அந்தத் திமிருக்குக் கீழே ஒரு நடுக்கமும் இருந்தது.

பழைய மோட்டார் சைக்கிள் என்றால் ஒரு பல்பும் இரண்டு துண்டு வயரும் போதும், அரை மணித்தியாலத்தில் பிழையைப் பிடித்துவிடலாம். இந்தக் காலத்து வண்டி அப்படியில்லை. வண்டியை நிறுத்தும் ஸ்டாண்ட், பிரேக், எஞ்சினை அணைக்கும் பொத்தான் என்று ஒவ்வொன்றும் சரி சொன்னால்தான் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் எஞ்சினுக்குத் தீப்பொறி விடச் சம்மதிக்கும். கல்யாணத்துக்கு எல்லா மாமன்மாரிடமும் சம்மதம் கேட்பது போல. முதலில் நான் கொழுவிய வயரை முழுதாகக் கழற்றிப் பார்த்தேன். அப்போதும் எஞ்சின் சும்மா சுற்றியதே தவிரப் பற்றவில்லை. மீட்டரை வைத்து ஒவ்வொரு வயராகப் பின்தொடர்ந்தேன். கரண்ட் வருகிறது, பொறி மட்டும் இல்லை. முன்பலகையில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாதமாகக் குளிருக்குள் நின்றதால் பற்றரி இறங்கியிருக்கும் என்று நினைத்துப் புதிதாகப் போட்டேன். விளக்கு தொடர்ந்து மினுங்கியது.

மூன்றாவது சனிக்கிழமை, திறப்பு என்று நாங்கள் சொல்லும் சாவியைப் போடும் பூட்டின் மூடியைக் கழற்றினேன். பூட்டைச் சுற்றி மெல்லிய கம்பியில் ஒரு வளையம் இருக்கும். திறப்பின் தலைக்குள் புதைத்திருக்கும் சின்னக் கம்ப்யூட்டர்ச் சில்லை அது வாசிக்கும். வாசிக்க முடியாவிட்டால், வந்தவன் கள்ளன் என்று எஞ்சினை விடாது. வளையம் நல்லாக இருந்தது. அப்போதுதான் கையிலிருந்த திறப்பை ஒழுங்காகப் பார்த்தேன்.

திறப்பின் தலையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. பிளாஸ்டிக் வெடித்ததால் அத்தான் ஒட்டியிருப்பார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பாண் வந்த பையைக்கூட எறியாத மனுசன். டேப்பை வெட்டினேன். உள்ளே மஞ்சள் நூல். நூலுக்குக் கீழே, கட்டமும் எழுத்துமாகக் கீறிய செப்புத் தகடு, கடதாசி மாதிரி மெல்லியது. வழக்கமாக இதைக் காவலுக்கென்று சுருட்டித் தாயத்துக் கூட்டுக்குள் போட்டுக் கழுத்தில் கட்டுவார்கள். அத்தானின் சமையலறையில் சங்கிலியோ நூலோ போட அனுமதியில்லை. அதனால் அவர் தினமும் கையில் எடுக்கும் ஒன்றில் சுற்றியிருக்கிறது. செம்பு மூடினால் வளையத்துக்குச் சில்லு தெரியாது.

தகட்டைக் கழற்றிவிட்டுத் திறப்பைப் போட்டேன். முதல் அழுத்தலிலேயே எஞ்சின் பற்றியது.

எனக்குச் சந்தோசம். அதை மறைக்க மாட்டேன். அந்தக் கராஜுக்குள் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். லிப்ட் வரும்வரைகூடப் பொறுக்காமல், ஒரு கையில் திறப்பும் மற்றக் கையில் தகடுமாக நாலு மாடியும் படியில் ஏறி ஓடினேன்.

அக்கா கதவைத் திறந்தாள். நான் வாய் திறக்கமுதல் அவள் கண் தகட்டில் விழுந்தது. பறித்தெடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இது திறப்பில கிடந்ததெல்லோ! அம்மா ஊரிலை எழுதுவிச்சு அனுப்பினவ. அண்டைக்குக் காலமை அவர் சப்பாத்துப் போடேக்கை நான்தான் சுத்திக் குடுத்தனான். பனி கொட்டினது, எனக்குப் பயமாக் கிடந்தது."

அன்றைக்குத்தான் சுற்றியிருக்கிறாள். அப்படியென்றால் அன்றைக்கு வண்டியை நிறுத்தியது இந்தத் தகடுதான், என் வயர் இல்லை.

"சரி, எந்த வயராம்?" என்று கேட்டாள்.

ஒரே ஒரு வசனம் சொன்னால் என் மேலிருந்த பழி போய்விடும். மூன்று சனிக்கிழமை அதற்காகத்தான் அந்தக் குளிருக்குள் முழங்காலில் நின்றேன். அக்கா தகட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. இதைத் தெரிந்துகொண்டு இன்னும் எவ்வளவு காலம் அவள் உயிரோடு இருக்க வேண்டும்.

"நான் கொழுவின வயர்தான் அக்கா. வடிவா இறுக்கேல்லை."

"எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அதன் பிறகு ஏழு வருடம் அவள் என்னோடு கதைக்கவில்லை. என்னிடம் தன் வானைத் திருத்திவந்த தமிழ்க் கடைக்காரர் அந்த வேலையை வேறு ஆளிடம் கொடுத்தார், கேட்டால் சிரித்து மழுப்பினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் புத்தர் இல்லை. எத்தனையோ நாள் ஆத்திரம் வந்திருக்கிறது. ஒருமுறை நடந்தது முழுவதையும் போனில் எழுதிவிட்டு, அனுப்பாமல் அழித்தேன். வருடா வருடம் திவசத்துக்குப் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சோறு போடுவாள். சாப்பிட்டுவிட்டு வருவேன்.

ஏழாவது திவசத்தன்று எல்லோரும் போன பிறகு தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் இருந்தாள்.

"தம்பி, நீ செய்தது பிழைதான். ஆனா வேணுமெண்டு செய்யேல்லையே. அவருக்குக் குளிரக்கூடாது எண்டுதானே செய்தனி. நல்லதுக்கெண்டு செய்த ஆளை எவ்வளவு காலத்துக்குக் கோபிக்கிறது? எனக்கு இப்ப ஒரு கோபமும் இல்லை."

அவளுக்கு நான் சொல்ல ஏங்கிய ஒவ்வொரு சொல்லையும் அவள் எனக்குச் சொல்லிவிட்டாள். நான் குலுங்கி அழுதேன். குற்ற உணர்ச்சியில் அழுகிறேன் என்று நினைத்து அவள் என் தலையைத் தடவினாள்.

"போதும், அழாதை" என்றாள்.