தொலைந்துபோன கால்கள்

செயற்கைக் கால் செய்யும் அந்தப் பட்டறையில் அவளை எல்லோரும் மைனா என்றுதான் கூப்பிடுவார்கள். முன்னறை மேசையில் உட்கார்ந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை தொலைபேசியில் பேசிக்கொண்டே இருப்பதால் ஒட்டிக்கொண்ட பெயர்.

உள்ளறை அளவுக்காரருடையது. வருகிறவரின் மிஞ்சிய காலைச் சுற்றி ஒரு சின்னக் கருவியை நகர்த்தி, அதன் வடிவத்தை அவர் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். அதை வைத்துத்தான் கால் உட்காரும் கிண்ணத்தைச் செய்வார்கள். முதல் தடவையே யாருக்கும் சரியாக அமைந்ததில்லை. இங்கே உரசுகிறது, அங்கே அழுத்துகிறது என்று அவர்கள் சொல்லச் சொல்ல அளவைத் திருத்தி, புண் வராத ஒரு கிண்ணத்துக்கு வந்து சேர மாதக்கணக்காகும். அத்தனை பேர் பட்ட பாடும் அந்த ஒரே கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை அந்தப் பெட்டி உயிர் பெறவில்லை.

கம்ப்யூட்டர்காரர் வந்து பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "டிஸ்க் போயிடுச்சு. காப்பி எடுத்து வச்சிருப்பீங்கல்ல?"

அளவுக்காரர் மைனாவைப் பார்த்தார். மைனா அவரைப் பார்த்தாள்.

"நீதானேம்மா ஆபீஸ் வேலையெல்லாம் பாக்கறே?"

"அளவு உங்களோடது சார். அந்தப் பெட்டிய நான் தொட்டாலே கத்துவீங்க."

இரண்டு பேரும் சேர்ந்து கம்ப்யூட்டர்காரரைப் பார்த்தார்கள். "அதுக்குன்னு தனியா ஒரு டிஸ்க் குடுத்தேனே! மாட்டறது உங்க வேலை" என்றார் அவர்.

தேடினார்கள். அலமாரியின் மேல்தட்டில், உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

போன வருடமே மைனா பட்டறை முதலாளியிடம் கேட்டிருந்தாள்: "சார், காப்பி யார் எடுக்கறாங்க?"

"எனக்கு வேணாம்மா, இப்பதான் குடிச்சேன்."

விளக்கிச் சொன்ன பிறகு, "யாராவது பாத்துக்குவாங்க" என்று கைபேசிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கேட்டாகிவிட்டது, அதோடு நம் கடமை தீர்ந்தது என்று அவளும் விட்டுவிட்டாள்.

இப்போது ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மறுபடி அளவெடுக்க வரச் சொல்ல வேண்டும். முதலாளிக்கு நேரமில்லை. அளவுக்காரருக்குப் பேச வராது. அந்த 'யாராவது' கடைசியில் மைனாதான் என்றாகிவிட்டது.

பழைய லாரி டிரைவர் ஒருவர் அழைப்பை எடுத்ததும் உற்சாகமானார். "என்னம்மா மைனா, கால் ரெடியா?"

"இல்லைங்கய்யா. உங்க அளவு அழிஞ்சுபோச்சு. மறுபடி முதல்லேருந்து எடுக்கணும்."

"ஒரு தடவ நான் தொலைச்சேன். இப்ப நீங்க தொலைச்சிட்டீங்களா? யாரும்மா இதுக்குப் பொறுப்பு?"

"மன்னிச்சிடுங்கய்யா" என்றாள் மைனா. மன்னிப்புக் கேட்பவள்தான் தப்புச் செய்தவள் என்று அவர் எடுத்துக்கொண்டார். கண்மண் தெரியாமல் திட்டித் தீர்த்தார்.

"நீ ஏன் வாங்கிக் கட்டிக்கறே? மொதலாளி நம்பரக் குடுத்துட வேண்டியதுதானே?" என்றான் கணவன், வீட்டில்.

"குடுத்தா எடுப்பாரா அவர்?" என்று அவன் மீது எரிந்து விழுந்தாள்.

சனிக்கிழமை முதலாளி எல்லோரையும் கூட்டினார். "நடந்தது நடந்துபோச்சு. இனிமே இது நம்ம எல்லாரோட பொறுப்பு."

மைனா எழுந்துவிட்டாள். "எல்லாரும்னா யாருமில்லன்னு அர்த்தம் சார். இத்தன நாளும் எல்லாரும்தான் பாத்துக்கிட்டோம். ஒருத்தர் பேரச் சொல்லுங்க."

"சரி, நீயே பாத்துக்கோ."

"அப்ப காப்பி எடுக்கற பாஸ்வேர்டு குடுங்க. அது உங்ககிட்ட மட்டும்தானே இருக்கு?"

"அதெல்லாம் வெளிய விடக் கூடாதும்மா."

"கையக் கட்டிட்டு நீந்தச் சொல்றீங்களே சார்!"

அளவுக்காரர் சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார். முதலாளி அசையவில்லை.

அவளும் விடவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு அவர் அறை வாசலில் போய் நின்றாள். "வாங்க சார், நீங்களே வந்து அடிங்க." போன் பேசுவதாக அவர் கைகாட்டினார். நின்றாள். உடும்புப்பிடி. கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே வந்து, ஒரு கையால் மறைத்து மறுகையால் பாஸ்வேர்டை அடித்தார். அப்படித்தான் வாராவாரம் நடக்கிறது.

லாரி டிரைவருக்கு மறுபடி அளவெடுத்தார்கள். மறுபடி புண், மறுபடி திருத்தம். அவர் இப்போதெல்லாம் அவளை மைனா என்று கூப்பிடுவதில்லை. "அளவுக்காரர் இருக்காரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போகிறார். திட்டைப் பொறுத்துக்கொண்ட அவளுக்கு இதுதான் பொறுக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை முதலாளி வெளியூரில் இருந்தார். அவரைக் கைபேசியில் பிடித்தாள்.

"நான் வந்து பாத்துக்கறேன், விடும்மா."

"சரிங்க சார். அதுவரைக்கும் தாங்குமான்னு பெட்டியையே கேட்டுக்குங்க" என்று சொல்லி, அழைப்பைத் துண்டிக்காமலே கைபேசியைக் கம்ப்யூட்டரின் தலைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.